எல்லையூரும் இழுப்பு நோயும்

திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோயில் நோக்கித் தெற்கே செல்லும் நெடுஞ்சாலையில், நெய்யாற்றின்கரையைக் கடந்து, அமரவிளைப் பாலத்தால் நெய்யாற்றையும் கடந்து சென்றால், பாறசாலைக்கு முன்னதாக உதியன்குளங்கரை என்னும் ஊர் வரும். உதியன் என்பது சங்க நூல்களிற் சேர மன்னர்க்கு வழங்கிய பெயர். குளங்கரைக்கு உரை வேண்டியதில்லை. 1956-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் முதல் நாளில் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுகாக்கள் சென்னை இராச்சியத்தோடு சேர்ந்தபோது, நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்திலேயே நின்றது. ஆகவே இவ்வூர் எல்லைக்கு இப்பால் உள்ளது; தெற்கே சிறிது தொலைவில் களியிக்காவிளையில் தமிழ்நாடு தொடங்கிவிடும். கடைவீதியில் இரு மொழியும் ஒருங்கே ஒலிக்கும்.

திருநெல்வேலிச் சீமையிலிருந்து பிழைப்பின் பொருட்டு இங்கு வந்து, வாடகை வீட்டிற் குடியிருந்து, தனுவச்சபுரம் நிலையத்தில் வண்டியேறி அலுவலகம் சென்றுவரும் இரயில்வே எழுத்தர் குடும்பம் நம்முடையது. 1979-இல் திருவனந்தபுரம் – கன்னியாகுமரி இருப்புப்பாதை திறக்கப்பட்ட பின் இவ்வாறு வந்து தங்கிய தமிழ்க் குடும்பங்கள் பல. அவற்றுக்குப் பயன்படும் என்று கருதியே இதனை எழுதுகின்றோம். சென்ற ஆண்டு நமக்கு ஆஸ்துமா உண்டென உறுதியாயிற்று. அதுமுதல் இவ்வூரைக் கண்ணால் மட்டுமன்றி மூச்சாலும் அறியலாயினோம்.

நாம் இழுப்பு என்பதை மலையாளிகள் வலிவு என்பர். இழுத்தலும் வலித்தலும் ஒரே பொருளன என்பதால் இது நமக்கு விளங்கிவிடும். ஆயினும் எல்லாச் சொல்லும் இவ்வாறு இணங்குவதில்லை. மருத்துவமனையிற் செவிலி ஒருவர் நம் அன்னையாரை நோக்கிச் "சும உண்டோ?" என வினவ, அன்னையார், "சுமையெல்லாம் தூக்குறது இல்லம்மா, வீட்டு வேலை மட்டும்தான்" என்றார். சும என்பது அங்கு இருமல். புதிதாக வந்த குடும்பத்தார் இவ்விரு சொற்களோடு மூச்சடைப்பைக் குறிக்கும் 'சுவாசம்முட்டல்' என்பதையும் மனத்திற் கொள்ளுதல் நலம். நோயைச் சரியாகச் சொல்லுதல் பாதி மருத்துவம் அன்றோ!

பல ஆண்டுகள் சளியென்றும் நீர்க்கோவையென்றும் நம்மிடம் பெயர் மாறி வந்த நோய் ஒரு குழாயில் ஊதியதும் வெளிப்பட்டது. பலங்கொண்ட மட்டும் ஊதச் செய்து, மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்தை உறிஞ்சச் செய்து, கால்மணி நேரங் கழித்து மீண்டும் ஊதச் செய்தனர். முதல் நொடியில் வெளிவரும் காற்றின் அளவு 12 சதவீதமும் 200 மில்லிலிட்டரும் கூடுமாயின் அது ஆஸ்துமாவுக்கு வலிய சான்றாகும். நமக்கு அவ்வாறே கூடிற்று. "அண்ணா, இது வலிவு தன்னே" என்றார் செவிலி.

நோயின் பெயர் தெரிந்தால் நோய் தீர்ந்துவிடும் என்று மனம் எண்ணுகின்றது. மருந்து தொடங்கி இரண்டு திங்கள் கழிந்தும் பின்னிரவில் இருமல் எழுப்புவது நிற்கவில்லை. ஆறு வயது மகள் நம் மார்பிற் காதை வைத்து, "அப்பா, உள்ள பூனை கத்துது" என்றாள். அன்னையாரோ, "ஏய்யா, அந்தக் குப்பி பழகிட்டா அப்புறம் விடவே விடாதாமே" என்று அஞ்சினார். மருந்து பயனற்றதோ, நோய் வேறோ, இவ்வூரின் ஈரக்காற்றே பகையோ, வேலையை மாற்றிக்கொண்டு ஊர் திரும்புவதோ என வீட்டிற் பேச்சு எழுந்தது. புதிதாக நோயறிந்த குடும்பங்கள் பலவற்றில் எழும் பேச்சே இது. மருத்துவரிடம் கேட்டறிந்த விடையை வரிசையாகத் தருகின்றோம்.

முதலாவது, காலம். ஆஸ்துமா என்பது மூச்சுக்குழாயின் உட்சுவர் நாட்கணக்கில் அழன்று வீங்கியிருக்கும் நிலை. இழுப்பு அவ்வீக்கத்தின் வெளித்தோற்றம் மட்டுமே. உடனே விரிக்கும் மருந்து சில நிமிடங்களில் ஆறுதல் தரும். ஆனால் வீக்கத்தைத் தணிக்காது. வீக்கந் தணிக்கும் ஸ்டீராய்டு மருந்தை நாள்தோறும் உறிஞ்சினால் ஓரிரு வாரங்களில் குணந் தெரியத் தொடங்கும். முழுப் பயன் காணச் சில திங்கள் செல்லலாம். ஆதலின் இரண்டாம் திங்களில் நம்பிக்கை இழத்தல் பயிர் பூக்குமுன் களத்துமேட்டைப் பழிப்பது போலாகும்.

இரண்டாவது, உறிஞ்சும் முறை. அழுத்தித் தெளிக்கும் குப்பியாயின், அதனைக் குலுக்கி, மூச்சை வெளியிட்டு, அழுத்தும்போதே மெதுவாகவும் ஆழமாகவும் உள்ளிழுத்து, பத்து நொடி அடக்குதல் வேண்டும். தூள் மருந்துக் கருவியாயின் விரைவாகவும் பலமாகவும் இழுத்தல் வேண்டும். இவ்விரண்டையும் மாற்றிச் செய்வோர் மிகப் பலர். அவர்க்கு மருந்து தொண்டையோடு நின்றுவிடும். குப்பியோடு ஸ்பேசர் என்னும் கூட்டைப் பொருத்தினால் முதியோர்க்கும் சிறுவர்க்கும் எளிதாகும். ஸ்டீராய்டு உறிஞ்சியபின் வாய் கொப்பளித்தல் மறவற்க.

மூன்றாவது, இடமும் வீடும். இப்பகுதியில் இடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவமும் துலாவர்ஷம் என்னும் வடகிழக்குப் பருவமும் ஆண்டில் இருமுறை மழை தருகின்றன. சுவரிற் பூஞ்சை படரும். மெத்தையிலும் தலையணையிலும் கண்ணுக்குப் புலப்படாத தூசுப்பூச்சி பெருகும். ரப்பர்த் தாளைப் புகையில் உலர்த்தும் வீடுகள் கிழக்குப் பக்கத்துச் சிற்றூர்களில் உண்டு. வீட்டினுள்ளே கொசுவர்த்தியும் சாம்பிராணியும் புகையும். ஒரு கொசுவர்த்திச் சுருள் வெளியிடும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுகளுக்கு ஒப்பாகும் என 2003-இல் வெளிவந்த ஓர் ஆய்வு கூறிற்று. நாம் அதனை நிறுத்திக் கொசுவலை கட்டினோம். தலையணை உறைகளை வாரந்தோறும் வெந்நீரில் துவைத்து வெயிலில் உலர்த்துகின்றோம். பழைய பேரேடுகளைத் தூசு தட்டும்போது முகக்கவசம் அணிகின்றோம். ஊரை மாற்ற வேண்டியதில்லை. படுக்கையறையை மாற்றினால் போதும் என்பது அனுபவத்திற் கண்டது.

நான்காவது, துணை நோய்கள். மூக்கொழுக்கும் ஒவ்வாமை, நெஞ்செரிச்சல், மிகு எடை ஆகியவை இழுப்பை நீட்டிக்கும். இரத்தக் கொதிப்புக்கான சில மருந்துகளும், சிலருக்கு ஆஸ்பிரின் முதலிய வலி மாத்திரைகளும் இழுப்பைத் தூண்டும். ஆகவே உண்ணும் மருந்து அனைத்தையும் மருத்துவர்க்குக் காட்டுதல் கடன். இவை யாவும் பார்த்தபின்னும் குணமில்லையேல் நோய் ஆஸ்துமாதானா என்று மீண்டும் ஆராய்வர்.

இனிக் குப்பியைப் பற்றிய அச்சம். அளந்து தெளிக்கும் உறிஞ்சுகுப்பி அமெரிக்காவில் விற்பனைக்கு வந்ததும், எல்லைக்கோடு வரையப்பட்ட அதே 1956-ஆம் ஆண்டிலேதான். ஆஸ்துமாவால் வருந்திய பதின்மூன்று வயதுச் சிறுமி, கூந்தலுக்குத் தெளிக்கும் மருந்துபோல் இதனையும் ஏன் குப்பியில் அடைக்கலாகாது என்று தந்தையாரைக் கேட்டாள். தந்தையார் ரைக்கர் மருந்து நிறுவனத்தின் தலைவர், கேள்வி பலித்தது. பின்னர் 1969-இல் சால்பியூட்டமாலும், 1972-இல் உறிஞ்சும் ஸ்டீராய்டும் வந்தன. மாத்திரை மில்லிகிராமில் உடல் முழுதும் பரவும். உறிஞ்சும் மருந்தோ அதன் ஆயிரத்தில் ஒரு பங்காகிய மைக்ரோகிராமில் அளக்கப்பெற்று, வேண்டிய இடத்திற்கே செல்லும். இது போதைப் பழக்கம் அன்று. கண்ணாடி அணிவது போன்ற தேவையே.

நம் நாட்டு வைத்தியமும் இதில் வரலாறு உடையதே. ஊமத்தைப் புகையை இழுப்புக்குப் பயன்படுத்தும் முறை 1802-ஆம் ஆண்டளவில் சென்னையிலிருந்தே இங்கிலாந்து சென்றது. ஆயினும் ஊமத்தை நஞ்சு. அளவு தப்பினால் உயிர்க்கு இறுதி. ஆடாதோடையும் தூதுவளையும் உண்போர் உண்ணலாம். ஆனால் அவற்றை நம்பிக் குப்பியை நிறுத்துதல் ஆகாது. 2019-ஆம் ஆண்டைய உலக நோய்ச்சுமைக் கணக்கின்படி இந்தியாவில் 3 கோடிக்கு மேற்பட்டோர்க்கு ஆஸ்துமா உண்டு. உலக நோயாளர் தொகையில் நம் பங்கு ஏறத்தாழ எட்டில் ஒன்று. இறப்பிலோ நம் பங்கு பன்மடங்கு மிகுதி. நாள்தோறும் கொள்ளும் மருந்தைக் கொள்ளாமையே இதன் முதன்மைக் காரணங்களுள் ஒன்று. ஆறுதல் மருந்தை மட்டும் நம்பி வாழலாகாது என்று உலக ஆஸ்துமா அமைப்பு 2019 முதல் வற்புறுத்தி வருகின்றது.

இரயில்வேக்காரர்க்கு எளிதில் விளங்கும் ஒன்றைச் சொல்லி முடிப்போம். மூச்சின் வேகத்தை அளக்கும் சிறு கருவி ஒன்றுண்டு, வீட்டில் வைத்துக்கொள்ளலாம். நலமான நாளில் நாம் ஊதும் உச்ச அளவு 450. அதில் 80 சதவீதமாகிய 360-க்கு மேல் நின்றால் பச்சை, வழக்கம்போற் செல்லலாம். 360-க்கும் 225-க்கும் இடையே மஞ்சள். மருத்துவர் எழுதித் தந்தபடி மருந்தைக் கூட்டி, அவரைக் காணவேண்டும். பாதியளவாகிய 225-க்குக் கீழ் சிவப்பு. அப்போதும், ஒரு வாக்கியத்தை மூச்சுவிடாமற் சொல்ல இயலாதபோதும், உதடு நீலம் பாரித்தபோதும், காத்திராமல் ஆறுதல் மருந்தை உறிஞ்சி மருத்துவமனை செல்லவேண்டும். 108 என்னும் எண் எல்லைக்கு இருபுறமும் ஊர்தி அனுப்பும்.

நாட்பட்ட சுவாசத்தடை நோயாளர்க்கெனக் கேரள சுகாதாரத் துறை 'சுவாஸ்' என்னும் திட்டத்தைக் குடும்பாரோக்கிய கேந்திரங்கள் வழியே நடத்துகின்றது. அருகிலுள்ள கேந்திரத்தில் விசாரிக்கலாம். பாறசாலையிலும் நெய்யாற்றின்கரையிலும் அரசு மருத்துவமனைகள் உள.

நமக்கு இப்போது பெரும்பாலான நாட்கள் பச்சை. மழைக்காலத்திற் சில இரவுகள் மஞ்சளாகவே கழிகின்றன. மகள் கருவியின் எண்ணைப் படித்துக் குறிப்பேட்டில் எழுதுகின்றாள். பூனையின் பேச்சு குறைந்துவிட்டது. அன்னையாரே காலையில் குப்பியை நினைவூட்டுகின்றார். இந்நோய் ஒட்டுவதன்று, சம்பந்தம் பேசும் வீட்டில் மறைக்க வேண்டிய குற்றமும் அன்று. மறைத்தால் மருந்தையும் மறைந்தே கொள்ள நேரும்; நாளடைவில் அது நின்றுபோம். வெள்ளம் வருமுன் அணை கோலுதல் முன்னோர் மொழி. இல்லத்தில் இழுப்புடையார் இருப்பின், இடவப்பாதிக்கு முன்னரே அவரை மருத்துவரிடம் அழைத்துச் செல்லுமாறு அன்பர்களை வேண்டுகின்றோம்.