தானே எரியும் விளக்கு

வீட்டு வேலைகளுள் சிலவற்றை இயந்திரத்தின் பொறுப்பில் விடலாம் என்று சொன்னால், அது செல்வர்களின் பொழுதுபோக்கு என்று எண்ணி ஒதுக்கிவிடுவோர் நம்மவருள் பலர். காளிகாட்டில் ஒரு பழைய கட்டிடத்தின் இரண்டாம் மாடியில் வாழும் எங்களுக்கோ, அது தேவையை முன்னிட்டே வந்து சேர்ந்தது. எண்பதை நெருங்கும் அன்னையாரும், அலுவலகம் செல்லும் நாங்கள் இருவருமாக எங்கள் வீட்டில் மூவர் இருக்கிறோம்.

அன்னையார் விடியற்காலை நான்கு மணிக்கே எழுபவர். படுக்கையறையிலிருந்து குளியலறைக்குச் செல்லும் நடைவழி நீண்டது. அதன் விளக்குச் சுவிட்ச் மறுகோடியில் இருக்கிறது. முழங்கால் வலியோடு இருட்டில் சுவரைத் தடவிச் செல்லும் அவர், என்றேனும் விழுந்துவிடுவாரோ என்ற அச்சம் எங்கள் உறக்கத்தைக் கெடுத்தது. எஸ்ரா தெரு மின்சாதனக் கடைகளில் தேடி, அசைவை உணர்ந்து எரியும் பல்பு ஒன்றை வாங்கி மாட்டினோம். ஆள் வந்தால் அது எரியும். ஆள் சென்ற சிறிது நேரத்தில் அணையும். அதற்கு இணையமும் வேண்டா, கைப்பேசியும் வேண்டா. இத்துறையில் தொடங்க விரும்பும் அன்பர்களுக்கு நாங்கள் சொல்லக்கூடியது இதுவே: வீட்டில் யாருக்கு, எந்த இடத்தில் இடர் நேரக்கூடும் என்று முதலில் பாருங்கள், அந்த ஓர் இடத்தில் மட்டும் தொடங்குங்கள்.

இத்தகைய ஏற்பாடு ஒவ்வொன்றிலும் மூன்று கூறுகளைக் காணலாம். எப்போது தொடங்குவது, எந்த நிபந்தனையின் பேரில் தொடங்குவது, என்ன செய்வது என்பனவே அவை. மார்கழிக் குளிருக்காக நாங்கள் செய்த வெந்நீர் ஏற்பாட்டை எடுத்துக்கொள்வோம். காலை 4 மணி என்பது தொடக்கம். டிசம்பர், ஜனவரி மாதங்களில் மட்டும் என்பது நிபந்தனை. கீசருக்கு மின்சாரம் தந்து 20 நிமிடங்களில் நிறுத்துவது செயல். 15 லிட்டர் நீரின் வெப்பத்தை 30 டிகிரி உயர்த்த ஏறத்தாழ அரை யூனிட் மின்சாரம் போதும். 2000 வாட் கீசர் அதனைக் கால் மணி நேரத்திற்குச் சற்று மேற்பட்ட பொழுதில் முடித்துவிடும்.

இங்கே சில எச்சரிக்கைகள் உண்டு. கீசருக்கு மாட்டும் ஸ்மார்ட் பிளக் 16 ஆம்பியர் தாங்குவதாக இருத்தல் வேண்டும். விளக்குக்குரிய 6 ஆம்பியர் பிளக்கில் அதனை மாட்டுதல் தீங்கு பயக்கும். சித்திரை, வைகாசியில் இங்கே வீசும் கால்பைசாகிப் புயலில் மின்சாரம் போய் மீண்டு வரும்போது, பிளக் அணைந்த நிலையிலேயே இருக்குமாறு முன்னரே அமைத்துவிடுதல் நலம். இஸ்திரிப் பெட்டியையும் மின்னடுப்பையும் ஆளில்லாத வேளையில் இயங்கவிடலாகாது. எல்லாவற்றுக்கும் மேலாக, கையால் போடும் பழைய சுவிட்ச் அதன் இடத்திலேயே இருக்கட்டும். வீட்டுக்கு வரும் விருந்தினர் ஒரு விளக்கைப் போடக் கைப்பேசியைத் தேடி நிற்றல் கூடாதன்றோ?

அடுத்து மாலை விளக்கைப் பற்றி எண்ணினோம். தமிழ்நாட்டிலிருந்து புதிதாக வருவோர், கொல்கத்தாவில் இத்துணை விரைவாக இருட்டிவிடுகிறதே என்று வியப்பதுண்டு. இந்திய நேரம் 82½ பாகைக் கிழக்கு நெடுங்கோட்டை ஒட்டி வகுக்கப்பட்டது. இந்நகரமோ 88 பாகைக்கும் கிழக்கே உள்ளது. ஆதலின் கதிரவன் இங்கே ஏறத்தாழ 23 நிமிடங்கள் முந்திக்கொள்கிறான். 1906-இல் இந்திய நேரம் வந்த பின்னரும் கல்கத்தா 1948 வரை தன் சொந்த நேரத்தைக் கைவிடவில்லை. டிசம்பர்த் தொடக்கத்தில் 5 மணிக்கு முன்பே இங்கு பொழுது சாய்கிறது. ஜூன் இறுதியிலோ 6.20 மணிக்கும் பிறகுதான். மாலை 6 மணிக்கு விளக்கு எரிக என்று ஆண்டு முழுவதற்கும் ஒரே கட்டளை இட்டால், குளிர்காலத்தில் ஒரு மணி நேரம் இருளில் இருக்க நேரும். எனவே, கதிரவன் மறையும் நேரத்தையே தொடக்கமாக வைத்தோம். ஊரைக் குறிப்பிட்டால் கைப்பேசிச் செயலி அந்நேரத்தை நாள்தோறும் கணித்துக்கொள்கிறது.

வாசல் விளக்கை அவ்வாறு அமைத்துவிட்டுப் பூசையறைக்கும் மின்விளக்கு வைக்க முற்பட்டபோது, அன்னையார் தடுத்துவிட்டார். “வாசல் விளக்கு தானாக எரியட்டும், நல்லதுதான். சாமி விளக்கை மட்டும் என்னிடம் விட்டுவிடுங்கள். இந்த வீட்டில் எனக்கென்று இருக்கிற வேலை அது ஒன்றுதான்” என்றார்.

கும்பகோணத்திலிருந்து மணப்பெண்ணாக இந்நகருக்கு வந்த நாள்முதல் அவர் மாலைதோறும் குத்துவிளக்கு ஏற்றி வருகிறார். அண்டை வீட்டு வங்காளப் பெண்டிர் அந்தியில் சங்கு ஊதுவர். அதே வேளையில் இவர் விளக்கேற்றுவார். அவர்தம் மொழி அறியாத அந்நாளில், சாளரத்தின் வழியே ஒருவரையொருவர் பார்த்துப் புன்னகைப்பதே அவர்களுக்குள் முதல் உறவாக இருந்தது. அப்பெண்டிருட் பலர் இன்றில்லை. எங்கள் தெருவில் சங்கொலியும் அருகிவிட்டது. மழைக்காலத்தில் அந்தி எது, மேகம் எது என்று அன்னையாரின் மங்கிய கண்களுக்குத் தெரிவதுமில்லை.

ஆதலின் இயந்திரத்திற்கு வேறொரு பணி கொடுத்தோம். கதிரவன் மறைவதற்குப் பத்து நிமிடங்களுக்கு முன்பு, கூடத்தில் வைத்திருக்கும் சிறு ஒலிபெருக்கி மெல்ல மணியடிக்கிறது. அன்னையார் எழுந்து, கைகால் கழுவி, திரி திரித்து, எண்ணெய் வார்த்து, விளக்கை ஏற்றுகிறார். நாங்கள் அலுவலகத்திலிருந்து வீடு திரும்பும்போது அது எரிந்துகொண்டிருக்கிறது.

இவ்வகை ஏற்பாடுகளை மேற்கொள்ளுமுன், வீட்டிலுள்ள பெரியோர்களை அருள்கூர்ந்து ஒரு வார்த்தை கேளுங்கள். எந்த வேலை தமக்குச் சுமை, எந்த வேலை தம் உரிமை என்பதை அவர்களே நன்கு அறிவர்.