இறங்குவதே மருந்து

வீட்டில் வரும் நோய்க்கு ஓர் ஒழுங்கு உண்டு. நெற்றியில் கைவைத்துப் பார்க்க ஒருவர் இருப்பார், கஞ்சி வைத்துத் தர ஒருவர் இருப்பார், ‘இது சரியாகப் படவில்லை, கிளம்பு, மருத்துவரிடம் போகலாம்’ என்று அதட்ட ஒருவர் இருப்பார். முதுகுப்பையுடன் தனியே அயல்நாடு செல்பவர்கள் முதல் இருவர் இல்லாததை எண்ணித்தான் கலங்குகிறார்கள். உயிர் போகும் நிலை வரும்போது தேவைப்படுபவரோ அந்த மூன்றாமவர்.

இந்தியருக்கு நேபாளம் அயல்நாடாகவே தோன்றுவதில்லை. விசா வேண்டாம். இந்திய நூறு ரூபாய்க்கு நேபாள நூற்று அறுபது ரூபாய் என்னும் மாற்று விகிதம் 1993 முதல் அப்படியே நிற்கிறது. கொஞ்சம் இந்தி இருந்தால் பேச்சு நடந்துவிடும். ஐரோப்பா செல்கையில் மறவாமல் எடுக்கும் பயணக் காப்பீட்டை நேபாளம் செல்லும் பலர் நினைத்துப் பார்ப்பதுகூட இல்லை.

புனேவில் வரலாற்றாய்வு செய்யும் தமிழ் இளைஞர் ஒருவர் ஓர் அக்டோபரில் அவ்வாறே எவரெஸ்ட் அடிவார முகாமுக்குப் புறப்பட்டார். நிலுவையில் இருந்த ஆய்வு உதவித்தொகை மொத்தமாக வந்து சேர்ந்திருந்தது. கையில் பன்னிரண்டு நாள் விடுப்பு. லுக்லாவில் இறங்கியதும் பை சுமக்க ஒருவரை அமர்த்திக்கொண்டார். ராய் இனத்தவர், நாற்பதைக் கடந்தவர், தாழ்மலைக் கிராமத்திலிருந்து வேலைக்காக மேலே வந்தவர். இளைஞர் அவரை ‘தாஜு’ என்றார். நேபாளியில் அண்ணன் என்று பொருள். அவர் இளைஞரைத் தம்பி என்னும் பொருள்பட ‘பாய்’ என்றார்.

மூவாயிரம் மீட்டருக்கு மேல் ஒவ்வோர் இரவும் உறங்கும் உயரத்தை ஐந்நூறு மீட்டருக்கு மேல் கூட்டலாகாது, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஓய்வு வேண்டும் என்பது மலைமருத்துவத்தின் அடிப்படை விதி. 3,440 மீட்டர் உயரத்திலுள்ள நாம்சேயில் ஒரு நாள் தங்குவது வழக்கம். விடுப்பைக் கணக்கிட்ட இளைஞர் தங்கவில்லை. உடல் நன்றாகத்தானே இருக்கிறது என்றார். நான்காம் இரவு, 4,410 மீட்டரிலுள்ள திங்போச்சேயில், வறட்டு இருமல் தொடங்கியது. அந்தப் பள்ளத்தாக்கின் குளிரும் தூசும் எல்லோரையும் இருமவைக்கும். ‘கும்பு இருமல்’ என்று அதற்குப் பெயரே உண்டு. அவரும் அதுவென்றே எண்ணினார். விடிகையில் கழிப்பறைக்குச் செல்லும் பத்தடியில் இரண்டு முறை நின்று மூச்சு வாங்கினார். உதடுகள் நீலம் பாரித்திருந்தன.

இந்நோய் இந்தியருக்குப் புதிதன்று. 1962 போரை ஒட்டிச் சமவெளியிலிருந்து இமயத்துக்கு விரைந்து அனுப்பப்பட்ட வீரர்கள் பலர் இதனால் வீழ்ந்தனர். இந்திய இராணுவ மருத்துவர்கள் 1,925 வீரர்களைப் பற்றி 1969இல் வெளியிட்ட ஆய்வு இத்துறையில் இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. 1976இல் வெளியான மற்றோர் ஆய்வு, எவரெஸ்ட் பாதையில் வந்த 278 மலைநடையாளரில் பாதிக்கும் சற்று மேற்பட்டோருக்கு உயரநோய் கண்டிருந்ததைப் பதிவுசெய்தது. நடந்து வந்தோரைவிட லுக்லாவுக்கு விமானத்தில் வந்தோரே கூடுதலாகப் பாதிக்கப்பட்டனர். இளமையோ உடற்பயிற்சியோ இதிலிருந்து காப்பதில்லை. தலைவலியும் குமட்டலுமாக நின்றுவிட்டால் ஓய்வு போதும். நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டாலோ மூளை வீங்கினாலோ சில மணி நேரமே உயிரை முடிவுசெய்யும்.

இதில் கொடியது வேறொன்று. ஆக்சிஜன் குறைந்த மூளை தன் குறையைத் தானே அறியாது. அன்று காலை அந்த இளைஞர் ஆய்வாளருக்கே உரிய ஒழுங்குடன் வாதிட்டார்: இரவு தூக்கமில்லை, அதனால் களைப்பு, லொபுச்சே ஐந்து மணி நேர நடைதான், திரும்பும் விமானத்துக்குப் பணம் கட்டியாயிற்று. ஒவ்வொரு வாக்கியமும் பிழையின்றி இருந்தது. இடையிடையே மூச்சுக்காக நிறுத்த வேண்டியிருந்தது, அவ்வளவே.

தாஜு வாதிடவில்லை. பையைத் தரையில் வைத்து அதன்மேல் அமர்ந்துகொண்டார். “பாய், இன்று இந்தப் பை மேலே போகாது” என்றார். இளைஞர் கோபப்பட்டார், கூலியைக் குறைப்பேன் என்றார். அவர் எழவில்லை.

சிறிய மேட்டைக் கடந்தால் பெரிச்சே. 1973 முதல் இமாலய மீட்புச் சங்கம் அங்கே பருவந்தோறும் மருத்துவ நிலையம் நடத்திவருகிறது. அரை மணி நேர வழிக்கு இரண்டு மணி நேரம் ஆனது. பாதித் தொலைவு தாஜுவின் தோளில் தொங்கியபடியே கழிந்தது. விரலில் மாட்டிய ஆக்சிமீட்டர் 61 காட்டியது. இரு நுரையீரலிலும் நீர். ஆக்சிஜனும் நிஃபெடிபின் மாத்திரையும் தரப்பட்டன. இவை பொழுதை நீட்டிக்கும், நோயைத் தீர்ப்பது கீழே இறங்குவது மட்டுமே என்று மருத்துவர் சொன்னார். மேகம் மூடிவிட்டதால் ஹெலிகாப்டர் வர வழியில்லை. இரவெல்லாம் ஆக்சிஜனில் வைத்து, மறுநாள் குதிரையில் ஏற்றி அனுப்பினார்கள். தாஜு கடிவாளத்தைப் பிடித்து உடன் நடந்தார். நாம்சே வந்தபோது உதட்டின் நீலம் மறைந்திருந்தது. பசி எடுத்தது.

அன்று மாலை தேநீர் குடிக்கையில் தாஜு தம் தம்பியைப் பற்றிச் சொன்னார். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு பெரிய குழுவுக்குச் சுமை தூக்கப் போனவன். மேலே இருமலும் தள்ளாட்டமும் கண்டதும் அதுவரை சேர்ந்த கூலியைக் கையில் கொடுத்து, ‘நீ இறங்கிப் போ’ என்று தனியே அனுப்பிவிட்டார்கள். இரண்டு நாள் கழித்துப் பாதையோரம் ஒரு கல்லில் சாய்ந்து உட்கார்ந்த நிலையில் கண்டெடுத்தார்கள். சட்டைப்பையில் கூலி எண்ணியபடியே இருந்தது.

சுமையாளர் எல்லோரும் உயரத்திலேயே பிறந்து வளர்ந்த ஷெர்பாக்கள் என்று பயணிகள் பலர் நம்புகிறார்கள். தாழ்மலைகளிலிருந்து வரும் ராய், தமாங் இனத்தவர் நுரையீரலையும் மலை அதே கணக்கில்தான் சோதிக்கிறது. அவர்கள் முதுகிலோ சுமை கூடுதல், உடலில் கம்பளி குறைவு. வழியில் நேரடியாக அமர்த்தப்படுவோருக்குப் பெரும்பாலும் காப்பீடு இருப்பதில்லை. இருமினால் அன்றைய கூலி போய்விடும் என்பதால் அவர்கள் இருமலை அடக்கிக்கொள்கிறார்கள்.

லுக்லாவில் இளைஞரை வழியனுப்பிய மறுநாளே தாஜு வேறொருவரின் பையுடன் மேலே புறப்பட்டுவிட்டார். இப்போது புனேயில் நேபாளம் செல்ல விரும்பும் நண்பர்கள் எந்தக் காலணி வாங்கலாம், எந்த மாத்திரை எடுத்துச் செல்லலாம் என்று கேட்டு அந்த இளைஞரிடம் வருகிறார்கள். அவர் இரண்டையும் சொல்கிறார். ஐயாயிரம் மீட்டருக்கு மேலும் செல்லுபடியாகும் காப்பீடுதானா என்று பார்க்கச் சொல்கிறார். பிறகு, பை சுமப்பவருக்கும் சேர்த்துக் காப்பீடு எடுத்தாயிற்றா, அவருக்கு இருமல் வந்தால் யார் அவருடன் இறங்கப் போகிறீர்கள் என்று கேட்கிறார். பெரும்பாலோர் அதைப் பற்றி அதுவரை யோசித்திருப்பதில்லை. யோசித்துவிட்டுப் பெயரைச் சொல்லுங்கள் என்று அவர் காத்திருக்கிறார்.