எங்கள் வீட்டுக் குளிர்ப்பெட்டி

இரட்டைக்கிளவியைப் பிரித்தாற் பொருள் தராது என்று இலக்கண வகுப்பிற் படித்திருக்கின்றோம். அவ்விதிக்கு உதாரணம் தேடி யான் அடுக்களைக்குச் செல்ல நேருமென்று கனவினும் கருதியதில்லை.

2024ஆம் ஆண்டு டிசம்பர் விடுமுறையில் யான் ஊர் சென்ற இரண்டாம் நாள் இரவு அது நிகழ்ந்தது. அடுக்களையில் 'டக்' என்றோர் ஓசை, சிறிது நேரம் உறுமல், மீண்டும் 'டக்', பின் அமைதி. சில நிமிடங்கள் கழிய மறுபடியும் அதுவே. எங்கள் பிரிட்ஜ் ஒற்றைக் கதவுடைய பழைய பெட்டி. அதனருகே பாய் விரித்துப் படுக்கும் ஆச்சிக்கு அதன் ஓசையெல்லாம் பழக்கம். அவரே எழுந்து அமர்ந்து, "ஏல, அது இன்னைக்கு விக்குதுல, பாரு" என்றார்.

பெட்டியில் மீன்குழம்பு மட்டும் இருந்திருப்பின் யான் திரும்பிப் படுத்திருப்பேன். கதவின் தட்டில் ஆச்சியின் இன்சுலின் குப்பிகள் இருந்தன. திறவாத குப்பிகளை 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் குளிரில் வைத்தல் வேண்டும். ஆதலின் குளிர் குறைந்ததென அஞ்சி, குமிழைக் கடைசி எண்வரை திருகினேன். குப்பிகளை எடுத்துப் பனிக்கட்டி அறையை ஒட்டி வைத்தேன். கற்றவன் செய்த காரியம்! அப்போது விளக்கு மங்கி எரிந்ததைக் கண்ணாற் கண்டும் கருத்திற் கொண்டேனல்லேன்.

விடியலில் ஊர் உறங்குகையில் மின்னழுத்தம் ஏறிற்று. பெட்டி ஓடத் தொடங்கி, யான் திருகிய எண்ணுக்கேற்ப ஓயாமல் ஓடிற்று. காலையில் அம்மா திறந்தபோது இரண்டு குப்பிகள் உறைந்திருந்தன. உறைந்த இன்சுலின் உருகினும் உதவாது. அம்மா ஒன்றும் கூறவில்லை. பணப்பையை எடுத்துக்கொண்டு மருந்துக்கடைக்குப் புறப்பட்டார். வைதிருந்தாலும் நன்றாயிருந்திருக்கும்.

பழுது பார்க்க முதலில் வந்தவர் பெட்டியைத் தொடாமலே, "கம்ப்ரெஸர் போயிற்று" என்றார். அவர் கேட்ட தொகை என் ஒரு பருவக் கட்டணத்திற்கு நிகர். அடுத்த தெருப் பெரியவர் ஒருவரோ, "விளக்கு வைத்தபின் வருகிறேன், தம்பி" என்று சொல்லிப் போய், சொன்னபடியே இரவில் வந்தார். 230 வோல்ட் இருக்கவேண்டிய இடத்தில் அவர் மீட்டர் 160 காட்டிற்று. அதனை உயர்த்தவேண்டிய ஸ்டெபிலைஸர் பழுதுற்றுக் கிடந்தது. அழுத்தம் போதாமையால் கம்ப்ரெஸர் சுழல முயன்று இயலாது உறுமும். அது சூடேறி எரிந்துபோகாதபடி காப்பு விசை மின்சாரத்தைத் துண்டிக்கும். ஆறியபின் மீண்டும் கொடுக்கும். ஆச்சி கேட்ட விக்கல் இதுவே. தனித்த ஒரு 'டக்' குளிரை அளக்கும் விசையின் ஓசை, அதனால் தீங்கில்லை. அது உறுமலோடு இரட்டித்து வருங்கால்தான் பொருளுடையதாகின்றது!

பெரியவர் தேநீர் அருந்தியவாறே பிற ஓசைகளையும் விளக்கினார். களகளவென்பது குழாய்களில் ஓடும் குளிரூட்டியின் ஓட்டம். நள்ளிரவில் நெட்டி முறிப்பதுபோற் கேட்பது உட்சுவரின் பிளாஸ்டிக் சுருங்கி விரிதல். கடகடவென்று நடுங்கினால் கால்கள் சமமாயில்லை, அல்லது பெட்டி சுவரைத் தொடுகின்றது. எங்கள் வீட்டில் இரண்டுமில்லை; மேலே அம்மா அடுக்கிய எவர்சில்வர் தட்டுகளே குற்றவாளிகள். காய்கறித் தட்டின்கீழ் நீர் தேங்கின், பின்புறத் துளை அடைபட்டிருக்கும். கதவிடுக்கில் ஒரு ரூபாய்த்தாளை வைத்து மூடி இழுக்க, அது தடையின்றி வந்துவிடின் ரப்பர்ப் பட்டை தளர்ந்ததென்று அறியலாம். (பத்து ரூபாய்த் தாளே போதும் என்றார், யான் ஐந்நூறு வைத்திருப்பவன் போல!) மின்சாரம் நின்று வந்தால் ஐந்து நிமிடம் பொறுத்தே பெட்டியை இயக்கவேண்டும், குழாய்களின் அழுத்தம் சமநிலை அடைதற்கு அவ்வளவு நேரம் வேண்டும்.

பனிக்கட்டியைக் கத்தியாற் குத்திப் பெயர்ப்பதை மட்டும் அவர் கடிந்து விலக்கினார். அத்தகட்டினுள்ளேயே குளிரூட்டிக் குழாய் செல்கின்றது; துளை விழுந்தால் வாயு முழுதும் போம். இக்காலப் பெட்டிகள் பலவற்றில் உள்ள ஆர்-600ஏ தீப்பற்றும் இயல்புடையது. அம்மா தலைகுனிந்தார், எங்கள் வீட்டுக் கத்தியின் முனை வளைந்த வரலாறு அவருக்குத் தெரியும்.

மறுநாள் புதிய ஸ்டெபிலைஸர் வந்தது. குப்பிகள் கதவின் தட்டுக்கே மீண்டன. குமிழ் இப்பொழுது மூன்றில் நிற்கின்றது. அதன்மேல் அம்மா ஒட்டிய தாளில், என் பெயரெழுதி, 'தொடாதே' என்றிருக்கின்றது.