மீண்டும் அறுவையா?

கட்கியில் வாழும் இரயில்வே குமாஸ்தா குடும்பம் எங்களுடையது. 2019-இல் எங்கள் தாயாருக்குச் செயற்கை இடுப்பு மூட்டுப் பொருத்தப்பட்டது. நான்காண்டுகள் நன்கு நடமாடினார். பின்னர்த் தொடையில் வலி கண்டது; கோலின்றி எழ இயலாதவரானார். மூட்டின் பிடிப்புத் தளர்ந்துவிட்டதாகவும், மறு அறுவை செய்யலாமென்றும் மருத்துவர் கூறினார். "போதுமப்பா, உள்ளவரை இப்படியே இருந்துவிடுகிறேன்" என்றார் தாயார்.

ஏ.எஸ்.ஆர். என்னும் உலோக மூட்டு, குறைபாடு காரணமாக 2010-இல் உலகெங்கும் திரும்பப் பெறப்பட்டது. நம் நாட்டில் ஏறத்தாழ 4,700 அறுவைகளில் அது பயன்பட்டிருந்தது. எங்களுக்கும் ஐயம் எழுந்தது. மருத்துவமனைச் சீட்டைத் தேடிப் பார்த்தோம், தாயாருடையது அவ்வகையன்று. அன்பர்களே, அச்சீட்டை ஒருபோதும் எறிந்துவிடாதீர்கள்.

கிருமித் தொற்று இல்லையெனச் சோதனையில் தெளிவாயிற்று. "மறு அறுவை முதலதினும் கடினம், நேரமும் இரத்தச் சேதமும் மிகுதி, மூட்டு நழுவவும் கூடும். ஆயினும், காலம் தாழ்த்தினால் எலும்பு மேலும் தேய்ந்து, பின்னர்ச் செய்வது இன்னும் அரிதாகும்" என்று மருத்துவர் விளக்கினார்.

"கோயிற்படி ஏறுவேனா?" என்று தாயார் வினவினார்.

"வலி குறையலாம், படிக்கு உறுதி கூறேன்" என்றார் அவர்.

வீடு திரும்பும் வழியெல்லாம் நாங்கள் பேசவில்லை. வாயிலில் தாயாரே சொன்னார்: "உறுதி கூறாதவரை நம்பலாம். தையில் வைத்துக்கொள்ளச் சொல்."

முடிவு அவருடையது. விடுப்பு விண்ணப்பம் எழுதுவதே எங்கள் பங்கு, எழுதிவிட்டோம்.