அழிந்த எழுத்துகள்

மகள் உறங்கிய பின் ஆய்வேடு எழுதுகிறேன் என்பது வீட்டில் நிலவும் நம்பிக்கை. பெரும்பாலும் திறந்திருப்பது காணொளி விளையாட்டே. டொராண்டோவின் விசை கேம்ஸ் 2023இல் வெளியிட்ட ‘வெண்பா’வை அண்மையில் முடித்தேன். 1980களில் கனடா சென்ற தமிழ்த் தாய் வெண்பா. அவளுடைய அம்மாவின் சமையல் குறிப்பேட்டில் எழுத்துகள் அழிந்திருக்கும். விடுபட்டதை ஊகித்து நாம் சமைக்க வேண்டும். இட்லித் தட்டு அடுக்குவதிலேயே தோற்றேன் (அம்மாவுக்குத் தெரிய வேண்டாம்). வெண்பாவின் தமிழுக்கு மகன் கவின் ஆங்கிலத்தில் பதிலளித்தபோது கை நின்றுவிட்டது.

பெங்களூரில் வளரும் என் மகளுக்குக் கன்னடமும் ஆங்கிலமும் எழுதப் படிக்க வரும். தமிழ் பேச்சோடு சரி. ஒருநாள் அருகில் அமர்ந்து பார்த்தவள் கேட்டாள்: “நம்ம பாட்டிகிட்டயும் இந்த மாதிரி நோட்டு இருக்காம்மா?”

இருக்கிறது. ஓர் எழுத்தும் அழியவில்லை. அவளால்தான் படிக்க முடியாது.