ஆற்றைப் பிடித்துக்கொண்டே போனோம்

கல்யாணம் கடற்கரையில் என்றதும் அம்மாவின் அம்மா, எங்கள் அம்மாயி, கேட்ட முதல் கேள்வி: “கடலுக்கா? யாருக்கு என்னாச்சு கண்ணு?”

காது மந்தம், அதான் அப்படிக் கேட்கிறாள் என்று அம்மா சமாளித்தாள். காது மந்தம்தான், ஆனால் கேள்வியில் தப்பில்லை. கரூர்ப் பக்கத்து ஆட்கள் கடலுக்குப் போவது காற்று வாங்க அல்ல. திருச்செந்தூருக்கு வேண்டுதல், ராமேஸ்வரத்துக்குத் தர்ப்பணம், அதை விட்டால் அஸ்தி கரைக்க. அதுவும் வாசலிலேயே காவிரி இருப்பதால் பெரும்பாலும் ஆற்றோடு முடிந்துவிடும்.

எண்பத்தோரு வயதில் அம்மாயி கடலோரம் போனது ஒரே தடவை. 2017 மாசியில், அவள் புருஷன், எங்கள் அப்பிச்சி இறந்தபோது. அதற்கு முந்தின ஐப்பசி, கார்த்திகை மழை பொய்த்துப்போய், மேட்டூரிலும் தண்ணீர் இல்லாமல், ஆற்றில் ஒரு சொம்பு முக்க வழியில்லை. கலயத்தை வைத்துக்கொண்டு வெறும் மணலில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, கடைசியில் பூம்புகாருக்கு வண்டி பிடித்தோம். கரைத்த பிறகு திரும்பிப் பார்க்கக் கூடாது என்றார் ஐயர். அம்மாயி பார்க்கவில்லை. ஆக, கடலைப் பார்த்தாள் என்றுகூடச் சொல்ல முடியாது.

இப்போது கல்யாணம் மாமா மகளுக்கு. சென்னையில் பிறந்து வளர்ந்தவள். அவளும் மாப்பிள்ளையும் சேர்ந்து தேர்ந்தெடுத்த இடம் தரங்கம்பாடி. பாதிரியார் சீகன்பால்கு 1706இல் வந்திறங்கி, தமிழில் புத்தகம் அச்சடித்த ஊர். அந்த ஊர்க் கல்யாணத்துக்கு அழைப்பிதழ் வாட்ஸ்அப்பில், வீடியோவாக, முழுக்க ஆங்கிலத்தில் வந்தது. மஞ்சள் தடவ ஒரு காகிதம்கூட இல்லையே என்று அம்மாவுக்குக் குறை. கரூர் சொந்தங்களுக்கென்று நாங்களே 50 பத்திரிகை அடித்தோம்.

பன்னிரண்டு சீட் வேனில் பதினைந்து பேர். சித்தி ஒரு அண்டா புளிச்சோறு கட்டியிருந்தாள். டிரைவர் செல்போனில் வழி போட, அது தஞ்சாவூர் நான்கு வழிச்சாலையைக் காட்டியது. அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. “மேப்பு எதுக்குங்க? ஆத்தைப் புடிச்சிட்டே போனா கடல் வந்துட்டுப் போவுது.”

கேட்க நன்றாகத்தான் இருந்தது. மாயனூரில் அம்மாயியை ஏற்றிக்கொண்டோம். அங்கே காவிரிக்கு அகண்ட காவிரி என்று பேர்; கதவணை மேல் நின்று பார்த்தால் அக்கரை ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் தெரியும். குளித்தலை தாண்டும்வரை இடப்பக்கம் ஆறும் வாழைத்தோப்பும் மாறி மாறி வந்தன. மாசி மாதம். ஜனவரி 28இல் மேட்டூரை அடைப்பது வழக்கமாதலால் ஆற்றில் மணல்தான் அதிகம், நடுவில் வேட்டிக்கரை போல ஒரு கோடு தண்ணீர்.

மற்ற ஆறுகள் கடலை நெருங்க நெருங்க அகலும். காவிரி அப்படியில்லை. முக்கொம்பில் கொள்ளிடம் பிரிந்து வெள்ளத்தில் பெரும்பங்கை எடுத்துக்கொள்கிறது. கல்லணையில் வெண்ணாறு பிரிகிறது, கல்லணைக் கால்வாய் பிரிகிறது. பிறகு அரசலாறு, குடமுருட்டி என்று பங்கு கேட்டு வருகிறவர்களுக்கெல்லாம் கொடுத்துக்கொண்டே போய், மயிலாடுதுறையில் பார்க்கும்போது இதுவா நம்ம ஆறு என்றிருக்கும். “பொண்ணுகளுக்குச் சீர் குடுத்தே இளைச்சுப்போன குடும்பமாட்ட இருக்குது” என்றாள் சித்தி. மூன்று பெண்களைக் கட்டிக்கொடுத்தவள் அவள்.

கல்லணையிலிருந்து திருக்காட்டுப்பள்ளி வழியாகத் திருவையாறு. சாலை குறுகியது. சம்பா அறுப்பு முடிந்து பாதிச் சாலையில் நெல் காய்ந்துகொண்டிருந்தது. சுற்றிலும் கல் வைத்து எல்லை கட்டியிருந்தார்கள். எதிரில் பஸ் வந்தால் எங்களுக்கு ஒதுங்க இடம் நெல் மேல்தான். ஒரு இடத்தில் டிரைவர் அப்படியே ஏற்றப்போக, அம்மாயி பின்சீட்டிலிருந்து போட்ட சத்தத்தில் வண்டி நின்றேவிட்டது. “சோத்து மேல ஏத்தறயே, நீ நல்லா இருப்பியா?” பஸ்ஸும் நின்றது. இரண்டு டிரைவர்களும் முறைத்துக்கொண்டார்கள். நெல்லுக்குச் சொந்தக்கார அம்மா துடைப்பத்தை ஓரம் வைத்துவிட்டு, காலால் நெல்லை ஒரு முழம் ஒதுக்கி வழிவிட்டார். பிறகு ஜன்னலருகே வந்து, எங்கே போகிறீர்கள் என்றார். தரங்கம்பாடிக்குக் கல்யாணத்துக்கு என்றதும், “கடற்கரையிலயா? காத்தா இருக்குமே” என்றார். அவர் சொன்னதை நாங்கள் கொஞ்சம் கவனித்திருக்கலாம்.

கொள்முதல் நிலையங்களின் வாசலில் தார்ப்பாய் மூடிய நெல் மலைகள். அறுத்த வயலில் உளுந்து பச்சை பிடித்திருந்தது. நெல் நிற்கும்போதே ஈரத்தில் விதைத்துவிடுவார்களாம். அறுப்பு முடிந்ததும் அது எழுந்துகொள்ளும். திருவையாற்றில் அசோகா வாங்கினோம். பாசிப்பருப்பில் செய்வது, இலையில் வைத்தால் நெய் தனியாகப் பிரிந்து நிற்கிறது. கும்பகோணத்தில் காபி. அதைப் பற்றி ஏற்கெனவே ஊரே எழுதிவிட்டது.

திருக்கடையூர் வந்தபோது மணி ஐந்து. வண்டியை நிறுத்தச் சொன்னதும் அம்மாயிதான். கோயில் வாசல் முழுக்க மாலையும் கழுத்துமாக வயதானவர்கள். எமனிடமிருந்து மார்க்கண்டேயன் தப்பிய தலம் என்பதால் அறுபதும் எண்பதும் நிறைந்தவர்கள் இங்கே வந்து மறுபடி தாலி கட்டிக்கொள்கிறார்கள். ஒரு தாத்தாவுக்குப் பேரன் பட்டுவேட்டியை இறுக்கிக் கட்டிவிட்டுக்கொண்டிருந்தான். தாத்தா மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். அப்பிச்சிக்கும் அறுபதாம் கல்யாணம் இங்கேதான். “அன்னிக்கு இங்கிருந்து கடலு எவ்வளவு தூரம்னு கேட்டாரு. பக்கத்துலதானுங்கன்னாங்க. பஸ்ஸு போயிரும்னு நாந்தான் வேண்டாம்னுட்டேன்” என்றாள் அம்மாயி. அதற்கு மேல் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

பத்து நிமிஷத்தில் தரங்கம்பாடி. ஊர் வாசலில் வெள்ளையாக ஒரு கோட்டைவாசல், உள்ளே நேராக ராஜ வீதி, முடிவில் கடல். வழியில் தேவாலயங்கள், வலது பக்கம் டென்மார்க்காரர்கள் கட்டிய டேன்ஸ்போர்க் கோட்டை. 1620இல் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் ஒப்பந்தம் போட்டு, மிளகு வாங்க வந்தவர்கள். 1845இல் ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போனார்கள். அவர்களுக்கு முன்னூறு வருஷம் முந்தியது, பாண்டியர் காலத்து மாசிலாமணி நாதர் கோயில். அதன் முன்பகுதியைக் கடல் எடுத்துக்கொண்டுவிட்டது. மிச்சக் கோயிலுக்கு முன்னால் அலைதடுக்கக் கருங்கல் கொட்டியிருக்கிறார்கள். 2004 சுனாமியில் இந்த ஊர் இழந்தது மிக அதிகம். கல்யாணத்துக்கு வந்த எங்களிடம் யாரும் அதைப் பேசவில்லை. வலை பின்னிக்கொண்டிருந்த ஒருவரிடம் வீடு எங்கே என்று கேட்டபோது மட்டும், “முன்னாடி இங்க. இப்ப உள்ள தள்ளி” என்றார்.

அவர்தான் ஒரு யோசனையும் சொன்னார். “தாலிய வெள்ளனக் கட்டிருங்க. விடியக்கால காத்து கரையிலேர்ந்து கடலுக்குப் போவும், அடக்கமா இருக்கும். வெயில் ஏறுனா திரும்பிடும்.” நிலம் சூடாகச் சூடாகக் கடல்காற்று உள்ளே வரும் என்று பள்ளிக்கூடத்தில் படம் போட்டுப் படித்ததுதான். ஆனால் விழா ஏற்பாடு செய்ய வந்தவர்கள் வரவேற்பை மாலை நாலரைக்கு வைத்திருந்தார்கள். போட்டோவுக்கு வெளிச்சம் நன்றாக இருக்குமாம்.

முகூர்த்தம் அவர் சொன்னதுபோலவே அடக்கமாக நடந்தது. ஆறரை மணிக்குச் சூரியன் தண்ணீரிலிருந்து கழன்றுகொண்டு மேலே வர, நாதஸ்வரக்காரர் கெட்டிமேளத்தை ஆரம்பிக்க, அதே நேரம் பார்த்து இரண்டு ஃபைபர் படகுகள் இன்ஜின் சத்தத்தோடு கரை ஏறின. வீடியோக்காரர் கையை ஆட்டி ஆட்டி ஒதுங்கச் சொன்னார். அவர்கள் ஏன் ஒதுங்க வேண்டும்? கூடையோடு காத்திருந்த பெண்கள் நாலு பேர் எங்களோடு சேர்ந்து அட்சதை போட்டுவிட்டு மீன் எடுக்கப் போனார்கள். ஆல்பத்தில் தாலி கட்டும் படத்தில் ஓரமாக ஒரு கூடை சங்கரா மீன் இருக்கிறது. மாமாவுக்கு அதை வெட்டிவிட வேண்டுமாம். மணப்பெண் விடவில்லை.

மாலை வரவேற்பு பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நாலே முக்காலுக்குப் பூச்சுவர் சாய்ந்தது. ஐந்து மணிக்கு ஃபோட்டோ ஃபிரேம் பறந்தது. தட்டில் போட்ட அப்பளம் அடுத்தவர் மடியில் இருந்தது. ரசத்தில் மணல். ஏற்பாட்டாளர்கள் அது இயற்கை என்றார்கள். கடைசியில் பந்தி முழுவதும் கட்டடத்துக்குள் போய், ஒரு அறைக்கு நாற்பது பேராகச் சாப்பிட்டோம்.

நான் அம்மாயியைத் தேடியபோது அவள் உள்ளே இல்லை. பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றை யாரோ தண்ணீருக்குப் பத்தடி தள்ளிப் போட்டுக் கொடுத்திருந்தார்கள். சேலைத் தலைப்பைத் தலைக்கு முக்காடு போட்டு, காற்றுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, நேர் எதிரே பார்த்தபடி இருந்தாள்.

“உள்ள வாங்கம்மாயி, காத்தடிக்குது.”

“அடிக்கட்டும். நீ போய்ச் சாப்புடு.”

இருட்டும்வரை எழவில்லை. இரண்டு தடவை காபி கொண்டுபோய்க் கொடுத்தேன்; இரண்டு தடவையும் மணலோடு குடித்தாள்.

இரவே கிளம்பிவிட்டோம். திரும்பும்போது அப்பாவின் ஆறு எடுபடவில்லை. மேப் காட்டிய நான்கு வழிச்சாலையில் எல்லோரும் தூங்கிக்கொண்டு வந்தோம். மாயனூர் வந்தபோது மணி ஒன்றரை. அம்மாயி படியேறாமல் வாசலிலேயே நின்றுகொண்டு, ஒரு குடம் தண்ணீர் கேட்டாள். அம்மாவுக்குத் திக்கென்றது.

“ஏம்மா, கல்யாணத்துக்குப் போயிட்டு வந்திருக்கறோம். காலு கழுவிட்டு ஏறோணும்னு எங்கியாவது இருக்குதா?”

“இது அந்தக் கழுவறதில்ல புள்ள” என்று அம்மாயி புடவையை முழங்கால் வரை தூக்கிக்கொண்டாள். “மணலு.”