ஜவ்வாது மலை இருட்டுக்கு எந்த பைனாகுலர்?

வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வழியாக மலையேறினால் காவலூர். 2.34 மீட்டர் விட்டமுள்ள வைணு பாப்பு தொலைநோக்கி இருக்கும் ஊர். தை அமாவாசையை ஒட்டி, மேகமில்லாத இரவில் இந்த மலைப்பக்கம் தங்கினால், வெறும் கண்ணுக்கே கார்த்திகைக் கூட்டம் தெரியும். 10×50 பைனாகுலரில் அதே கூட்டத்தில் டஜன் கணக்கில் நட்சத்திரங்கள்!

'இன்னும் பெரிசா வாங்கலாமே?' என்ற ஆசை அங்கேதான் வரும். 15×70 பைனாகுலர் ஏறக்குறைய இரண்டு மடங்கு ஒளியை வாங்கும். ஓரியன் நெபுலாவின் புகைப்படலம் இன்னும் தெளிவாகத் தெரியும். ஆனால், எடை ஒன்றரை கிலோவை நெருங்கும். கை நடுக்கமும் 15 மடங்காகத் தெரிவதால் நட்சத்திரங்கள் புழுவாக நெளியும்.

எனவே, உறுதியான ட்ரைபாடுக்கும் பட்ஜெட் இருந்தால் 70 மி.மீ. வாங்கலாம். தாத்தாவும் பேத்தியும் கை மாற்றிப் பார்க்க 50 மி.மீ. தாராளம்!